ஒரே வாசலில் நான்கு படிவங்கள்

பேரிடருக்குப் பிறகு நிவாரண அமைப்புகள் கைப்பேசி வழியே நடத்தும் தேவைக் கணக்கெடுப்பைப் பற்றிச் சில மாதங்களாகவே கடிதங்கள் வந்தபடி இருந்தன. இந்த இதழின் கேள்வி பதில் பகுதியை முழுவதுமாக அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். எழுதியவர்களில் பலர் இன்னும் களத்தில் இருப்பதால் பெயர்களையும் ஊர்களையும் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: வெள்ளம் வடிந்த பத்தாம் நாள் ஒரு வீட்டு வாசலில் நின்று கைப்பேசியில் படிவத்தைத் திறந்தேன். அந்த வீட்டு அம்மா, "தம்பி, முந்தாநாள் ஒருவர் வந்து இதையே கேட்டார். நேற்று இரண்டு பேர் கேட்டார்கள். அவர்களிடம் சொன்னதையே எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் அவர் ஏற்கெனவே சொன்னதைப் பெற எனக்கு வழியில்லை. எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கும் காலத்தில் இது ஏன் இன்னும் நடக்கிறது?
— நிவாரண அமைப்பு ஒன்றின் களப்பணியாளர்

பதில்: எல்லோர் கையிலும் கைப்பேசி இருப்பதால்தான் நடக்கிறது என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். காகிதப் படிவத்துக்கு அச்சுச் செலவு உண்டு. நிரப்பியதைக் கணினியில் ஏற்ற ஆட்கள் வேண்டும். ஏற்றி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். அந்தச் சிரமமே ஒரு கடிவாளமாக இருந்தது. இன்றோ ஒரு திட்ட அலுவலர் மாலையில் உட்கார்ந்தால் இரவுக்குள் எழுபது கேள்விகளோடு ஒரு படிவம் தயாராகிவிடும். விடிவதற்குள் அது இருபது கைப்பேசிகளில் இறங்கிவிடும். கேட்பது மலிவாகிவிட்டதால் எல்லோரும் கேட்கிறார்கள். பதில் சொல்பவரின் அரை மணி நேரத்துக்கு என்ன விலை என்பதை யாரும் வரவுசெலவில் சேர்ப்பதில்லை.

நோய் என்னவோ பழையதுதான். 2004 டிசம்பர் 26 அன்று இந்தியப் பெருங்கடல் சுனாமி தாக்கிய பிறகு நடந்த நிவாரணத்தைப் பல அமைப்புகள் கூட்டாக ஆராய்ந்து 2006இல் அறிக்கைகள் வெளியிட்டன. அமைப்புகள் தத்தம் தேவைக்காகத் தனித்தனியே எடுத்த மதிப்பீடுகளுக்குக் குறைவில்லை, ஆனால் ஒட்டுமொத்த முடிவுகளை அவை பெரிதாக வழிநடத்தவில்லை என்பது அவற்றில் வெளிப்பட்ட கசப்பான உண்மைகளுள் ஒன்று. அதற்கு முந்தைய ஆண்டு, அதாவது 2005இல், ஐ.நா.வை மையமாகக் கொண்ட மனிதாபிமான உதவி ஏற்பாட்டில் 'கிளஸ்டர்' எனப்படும் துறைவாரிக் குழு முறை வந்திருந்தது. குடிநீரும் சுகாதாரமும் ஒரு குழு, தங்குமிடம் ஒரு குழு, கல்வி ஒரு குழு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைமை அமைப்பை நியமிக்கும் முறை அது. அவ்வாண்டு அக்டோபரில் பாகிஸ்தானில் நேர்ந்த நிலநடுக்கத்தின்போதே அது முதன்முதலாகச் செயலுக்கு வந்தது. ஒரே துறையில் இருப்பவர்கள் ஒரே மேசைக்கு வந்தது நல்ல முன்னேற்றம். ஆனால் அமைப்புக்கு ஒரு படிவம் என்று இருந்தது, சில இடங்களில் துறைக்கும் ஒரு படிவம் என்று ஆனது. வாசலில் நிற்கும் அந்த அம்மாவுக்குத் துறை ஏது? வீடு ஒன்றுதான், அதில் தண்ணீரும் வேண்டும், கூரையும் வேண்டும், பிள்ளைக்குப் பள்ளியும் வேண்டும்.

பன்னாட்டு நிவாரண அமைப்புகளின் நிலைக்குழு 2012இல் ஒருங்கிணைந்த மதிப்பீடுகளுக்கென்று ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் செய்யப்பட்ட ஒரு வேறுபாட்டைக் களத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் மனத்தில் வைத்திருப்பது நல்லது. பல அமைப்புகள் ஒரே படிவத்தை, ஒரே திட்டத்தின் கீழ், சேர்ந்து நடத்தி ஒரே அறிக்கை தருவது 'கூட்டு மதிப்பீடு'. அவரவர் தனித்தனியே நடத்தினாலும், பொதுவான சில கேள்விகளையும் அளவுகளையும் இடக்குறியீடுகளையும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, முடிவுகளைப் பிறகு ஒன்றாக வைத்துப் படிக்கும்படி செய்வது 'ஒத்திசைந்த மதிப்பீடு'. முதல் இரண்டு வாரங்களுக்குக் கூட்டு மதிப்பீடு, அதற்குப் பிறகு ஒத்திசைந்த மதிப்பீடு என்பதே நடைமுறைக்கு உகந்தது என்பது என் கருத்து. எல்லோரும் எப்போதும் ஒரே படிவத்தில்தான் கேட்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த கூட்டங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஆளுக்கு இரண்டு கேள்வி சேர்த்து, யாருடையதையும் நீக்க மனமில்லாமல், கடைசியில் ஒரு மணி நேரம் பிடிக்கும் படிவத்தோடு கலைந்த கூட்டங்கள் அவை.

ஒத்திசைவு என்பது சொல்லில் எளிது. "உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர்?" என்ற முதல் கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களா, ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்களா, வெள்ளத்துக்கு முன் இருந்தவர்களா, இன்று இந்த வீட்டில் தஞ்சம் புகுந்திருக்கும் அண்ணன் குடும்பத்தையும் சேர்த்தா? ஓர் அமைப்பு ஐந்து என்று எழுதும், இன்னொன்று பதினொன்று என்று எழுதும், இரண்டும் சரி, இரண்டையும் கூட்டவும் முடியாது, ஒப்பிடவும் முடியாது. எனவே, குடும்பம் என்பதற்கு ஒரே வரையறை, வயதுப் பிரிவுகளுக்கு ஒரே எல்லை, வீட்டுச் சேதத்துக்கு ஒரே படிநிலை, இவ்வளவை ஒப்புக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும். மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய கேள்விக்குப் புதிதாக எதையும் யோசிக்கவே வேண்டாம். வாஷிங்டன் குழு எனப்படும் புள்ளியியல் குழு வகுத்த ஆறு கேள்விகள் உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளன, அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

உங்களால் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. யார், எந்த இடத்தில், எந்தத் தேதியில், எதைப் பற்றிக் கேட்கப் போகிறார்கள் என்று எழுதும் பொதுப் பதிவேடு ஒன்றை ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் வைக்கச் சொல்லுங்கள். நான்கே நிரல்கள் போதும். கிளம்புவதற்கு முன் அதைப் பார்ப்பதும், கிளம்பும்போது அதில் எழுதுவதும் பழக்கமாகிவிட்டால், நீங்கள் நின்ற வாசலில் குறைந்தது இரண்டு படிவங்கள் குறைந்திருக்கும்.

கேள்வி: நாங்கள் நான்கு மென்பொருள் பொறியாளர்கள். பேரிடர்க் காலத் தேவைகளைப் பதிவுசெய்ய ஒரு செயலியை இலவசமாக உருவாக்கித் தர விரும்புகிறோம். அதில் என்னென்ன வசதிகள் இருக்க வேண்டும்?
— தன்னார்வப் பொறியாளர்கள்

பதில்: உங்கள் நல்லெண்ணத்துக்கு நன்றி. தயவுசெய்து புதிய செயலி எதையும் உருவாக்காதீர்கள்.

இணையம் இல்லாத இடத்திலும் படிவத்தை நிரப்பிவைத்து, இணைப்புக் கிடைத்ததும் அனுப்பும் வசதி இத்துறைக்கு வந்து பல ஆண்டுகளாகிவிட்டன. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஓப்பன் டேட்டா கிட் அதற்கு வழி காட்டியது. அதன் அடித்தளத்தின்மேல் ஹார்வர்டு மனிதாபிமான முயற்சியில் எழுந்த கோபோ டூல்பாக்ஸை நிவாரண அமைப்புகள் பரவலாகப் பயன்படுத்துகின்றன. இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள். படிவத்தை ஓர் எக்செல் அட்டவணையாகவே எழுதிவிடும் எக்ஸ்.எல்.எஸ். ஃபார்ம் என்ற பொது முறை இரண்டுக்கும் பொருந்தும் என்பதால், ஓர் அமைப்பு எழுதிய படிவத்தை இன்னோர் அமைப்பு அப்படியே வாங்கித் தன் கணக்கில் ஏற்றிக்கொள்ள முடியும். ஒருங்கிணைப்புக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை. ஐந்தாவது, ஆறாவது செயலி வந்தால் இந்தப் பொதுத்தன்மைதான் முதலில் உடையும்.

பொறியாளர்கள் உதவியதே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கணினித் துறைத் தன்னார்வலர்கள் 'சஹானா' என்ற மென்பொருளை எழுதினார்கள். சிங்களத்தில் அச்சொல்லுக்கு நிவாரணம் என்று பொருள். காணாமற்போனவர்கள், முகாம்கள், உதவிக் கோரிக்கைகள் ஆகியவற்றோடு, எந்த அமைப்பு எங்கே என்ன செய்கிறது என்ற பதிவேட்டையும் அதில் வைத்திருந்தார்கள். அப்போது அப்படியொன்று இல்லை, எழுதினார்கள். இன்று இல்லாதது வேறு: ஒரு படிவத்தின் விடைகளை இன்னொரு படிவத்தின் நிரல்களோடு பொருத்தித் தரவும், இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடிக்கவும், தாறுமாறான இடப்பெயர்களைச் சீராக்கவும் பொறுமையுள்ள நான்கு பேர். பேரிடர் நேரத்தில் இந்த வேலைக்கு ஆள் கிடைப்பது அரிது. இதற்கு யாரும் பாராட்டு விழாவும் நடத்த மாட்டார்கள்.

கேள்வி: தலைமை அலுவலகத்தில் தரவுப் பிரிவில் வேலை செய்கிறேன். ஆறு அமைப்புகளின் கோப்புகளை ஒன்றாக இணைக்கச் சொன்னார்கள். மூன்று நாள்களாகியும் முடியவில்லை. ஊர்ப் பெயர்கள் எதுவும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. எல்லோரும் இப்படித்தான் அவதிப்படுகிறார்களா, என் திறமைக் குறைவா?
— தரவு அலுவலர்

பதில்: உங்கள் திறமையில் குறையொன்றுமில்லை. இந்தத் தொழிலில் மிக அதிகமாக நேரம் விரயமாகும் இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள்.

நான் ஒருமுறை இதே நாற்காலியில் இருந்தேன். ஒரு கிராமத்தின் பெயரில் இரண்டு எழுத்துகளை ஒருவர் நெடிலாகவும் மற்றொருவர் குறிலாகவும் எழுதியிருந்தார். மூன்றாமவர் பெயருக்குப் பின்னால் 'காலனி' என்று சேர்த்திருந்தார். கணினிக்கு மூன்றும் மூன்று ஊர்கள். மொத்தப் பட்டியலில் அந்த ஊருக்கு மூன்று வரிகள், மூன்றிலும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கை, மூன்றையும் கூட்டித் தார்ப்பாய்கள் கணக்கிடப்பட்டன. அதே பெயர் கொண்ட வேறோர் ஊர் ஆற்றின் மறுகரையில் இருந்தது; அதன் வரி இந்த ஊரின் வரியோடு சேர்க்கப்பட்டிருந்தது. ஆக, ஒரு கரையில் தேவைக்கு மேல் தார்ப்பாய்கள் இறங்கின, மறுகரையில் ஒன்றுகூட இறங்கவில்லை. இரவு பதினொரு மணிக்கு அந்தப் பட்டியலைச் சரிபார்த்து அனுப்பியவன் நான்தான். எனவே இதில் பிறரைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை.

இதற்கு மருந்து, கணக்கெடுப்பவர் ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்யவே கூடாது என்பது. மாநிலம், மாவட்டம், அதற்குக் கீழுள்ள பிரிவு, ஊர் என்று படிப்படியாகத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் படிவத்திலேயே இருக்க வேண்டும். ஒவ்வோர் ஊருக்கும் ஓர் எண் இருக்க வேண்டும். ஐ.நா.வின் மனிதாபிமான விவகார ஒருங்கிணைப்பு அலுவலகமான ஓச்சா, பல நாடுகளுக்கு இத்தகைய இடக்குறியீடுகளைத் தயாரித்துப் பொதுவில் வைத்திருக்கிறது. களத்தில் இவற்றைப் பி-கோடு என்பார்கள். ஓச்சா 2014இல் தொடங்கிய எச்.டி.எக்ஸ். என்ற தரவுப் பரிமாற்றத் தளத்தில் எல்லைக் கோடுகள், மக்கள்தொகை ஆகியவற்றோடு இவற்றையும் இறக்கிக்கொள்ளலாம். அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் குறியீடு இருக்குமானால் அதையே பயன்படுத்துவதும் நல்லது. எந்தக் குறியீடு சிறந்தது என்ற விவாதத்தில் நாளைக் கடத்த வேண்டாம். எல்லோரும் ஒன்றையே பயன்படுத்துவதுதான் முக்கியம். பட்டியலில் இல்லாத புதிய முகாம்களுக்கும் குடியிருப்புகளுக்கும் யார் எண் கொடுப்பது என்பதை மட்டும் முதல் கூட்டத்திலேயே ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

நிரல் தலைப்புகளின் சிக்கலுக்கும் ஓர் எளிய ஏற்பாடு உண்டு. எச்.எக்ஸ்.எல். என்ற முறையில், உங்கள் அட்டவணையின் தலைப்பு வரிசைக்கு அடியில் இன்னொரு வரிசை சேர்த்து, இந்த நிரலில் இருப்பது மாவட்டம், இதில் இருப்பது பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை என்று பொதுவான ஹேஷ்டேகுகளை இடுகிறார்கள். தலைப்பை யார் எந்த மொழியில் எப்படி எழுதியிருந்தாலும் கணினி அடையாளம் கண்டுகொள்ளும். ஆறு கோப்புகளுக்கும் இதைச் செய்ய அரை நாள் போதும். ஊர்ப் பெயர்களுக்கு மட்டும், வருத்தத்தோடு சொல்கிறேன், இப்போதைக்குக் கைவேலைதான்.

கேள்வி: எங்கள் இயக்குநர் பாதிக்கப்பட்ட ஒவ்வொரு வீட்டையும் கணக்கெடுத்த பிறகே நிவாரணம் தொடங்க வேண்டும் என்கிறார். அதற்குள் மழைக்காலமே முடிந்துவிடும். எத்தனை வீடுகளில் கேட்டால் போதும்?
— திட்ட மேலாளர்

பதில்: கேள்வி 'எத்தனை வீடு' என்பதல்ல, 'எந்த நாளில், எந்த முடிவுக்காக' என்பது. இரண்டு வேலைகளை உங்கள் இயக்குநர் ஒன்றாகக் கலக்கிறார். எந்தப் பகுதிக்கு முதலில் போவது, எதை ஏற்றிப் போவது என்று தீர்மானிப்பது ஒன்று. யார் யாருக்கு நிவாரண அட்டை கொடுப்பது என்று தீர்மானிப்பது இன்னொன்று. முன்னதற்கு மதிப்பீடு போதும். பின்னதற்குத்தான் வீடு வீடான பதிவு வேண்டும்.

'மிரா' எனப்படும் பல்துறை முதற்கட்ட விரைவு மதிப்பீடு முன்னதற்காகவே வகுக்கப்பட்டது. 2013 நவம்பரில் ஃபிலிப்பைன்ஸைச் சிதைத்த ஹையான் சூறாவளிக்குப் பிறகும் அது பயன்பட்டது. முதல் 72 மணி நேரத்துக்குள், புதிதாக எதையும் பெரிதாகக் கேட்காமல், மக்கள்தொகை, பழைய சேத அறிக்கைகள், சாலை நிலவரம், முதல் தகவல்கள் ஆகிய கையிலுள்ள தரவுகளைக் கொண்டு ஒரு முதற்சித்திரம் வரைவார்கள். பிறகு இரண்டு வாரத்துக்குள், பல அமைப்புகளின் ஆட்கள் கலந்த குழுக்கள் தேர்ந்தெடுத்த ஊர்களுக்குச் சென்று, வீட்டுக்கு வீடு என்றில்லாமல் ஊர் அளவில் கேட்டு, ஒரே அறிக்கை தருவார்கள். தலைவர், செவிலியர், ஆசிரியர், பெண்கள் குழு என்று ஊரை அறிந்த பலரிடம் தனித்தனியே கேட்பது இதன் முறை. தலைவரிடம் மட்டும் கேட்டுத் திரும்பினால் தலைவர் தெருவின் தேவைதான் கிடைக்கும்.

இந்த முறையில் கிடைப்பது புள்ளியியல் துல்லியமன்று, 'நூற்றுக்கு 37.4' என்று அறிக்கையில் எழுத இடமில்லை. எழுதுகிறார்கள், அது வேறு கதை. ஆனால் எந்த ஊர் மோசம், எந்த ஊர் மிக மோசம் என்று சொல்ல இது போதும். அந்த அளவுக்குத் தெரிந்ததும் லாரி கிளம்பலாம். வீடு வீடான பதிவு லாரிக்குப் பின்னால் வரட்டும்.

ஒவ்வொரு கேள்வியும் ஒரு முடிவோடு கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் இயக்குநரிடம் சொல்லுங்கள். "தண்ணீர் போதுமானதாக இருக்கிறதா?" என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? நிவாரணப் பணிக்கான குறைந்தபட்சத் தர அளவுகளைச் சொல்லும் ஸ்ஃபியர் கையேட்டின்படி ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் வேண்டும். ஐந்து பேர் வீட்டுக்கு 75 லிட்டர். எனவே, "நேற்று 20 லிட்டர் கேன் எத்தனை நிரப்பினீர்கள்?" என்று கேளுங்கள். நான்கு என்றால் சரி, ஒன்று என்றால் லாரி போக வேண்டும். ஒரு குழாய்க்கு 250 பேர், ஒருவருக்கு மூடிய இடம் 3.5 சதுர மீட்டர் என்ற அளவுகளும் அதே நூலில் உள்ளன. இப்படி ஓர் அளவோடு பொருத்திப் பார்க்க முடியாத கேள்வியை அழித்துவிட்டால், எழுபது கேள்விகள் பதினைந்தாகிவிடும்.

கேள்வி: நாங்கள் ஆறு பேர் நடத்தும் சிறிய தொண்டு நிறுவனம். முதல் நாளே படகில் போனவர்கள் நாங்கள். எங்கள் தரவைப் பெரிய அமைப்புகள் வாங்கிக்கொண்டு தங்கள் பெயரில் அறிக்கை வெளியிடுகின்றன. கூட்டத்துக்கு எங்களை அழைப்பதுகூட இல்லை. இனித் தர வேண்டுமா?
— சிறிய தொண்டு நிறுவனத்தின் செயலாளர்

பதில்: உங்கள் மனக்குறை நியாயமானது; அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2016 மே மாதம் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதாபிமான உச்சி மாநாட்டில் நன்கொடை நாடுகளும் பெரிய உதவி அமைப்புகளும் 'கிராண்ட் பார்கெய்ன்' என்ற உடன்பாட்டுக்கு வந்தன. கூட்டாகவும் சார்பின்றியும் தேவை மதிப்பீடு செய்வது அதில் ஒரு வாக்குறுதி. உள்ளூர், தேசிய அமைப்புகளுக்கு 2020க்குள் நிதியில் 25 விழுக்காட்டைச் சேர்ப்பது இன்னொன்று. இரண்டாவது குறித்த காலத்தில் நிறைவேறவில்லை. முதலாவதில் முன்னேற்றம் உண்டு; ஆனால் கூட்டங்கள் இன்னும் பல இடங்களில் பெரியவர்களின் மொழியில், பெரியவர்களின் அலுவலகத்தில், நீங்கள் படகில் இருக்கும் நேரத்தில்தான் நடக்கின்றன.

ஆயினும் தராமல் இருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நீங்கள் போன ஊர் பட்டியலில் வெற்றிடமாக இருந்தால், அந்த ஊருக்குத் தேவையில்லை என்றே வரைபடத்தைப் பார்ப்பவர் எடுத்துக்கொள்வார். எனவே நிபந்தனையோடு கொடுங்கள். தரவை அனுப்புவதற்கு முன் ஒரு பக்க ஒப்பந்தம் கேளுங்கள்: திரட்டியவர் பெயர் அறிக்கையில் இருக்க வேண்டும், இணைத்த முழுக் கோப்பு உங்களுக்கும் திரும்பி வர வேண்டும், எதற்காகப் பயன்படுத்தலாம் என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். இந்த மூன்றில் நடுவிலிருப்பதுதான் உங்களுக்கு உண்மையில் பயன்படுவது; ஏனென்றால் பக்கத்து ஊரில் யார் என்ன கொடுத்தார்கள் என்பது தெரிந்தால் உங்கள் படகு அடுத்து எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிடும். பேரிடர் இல்லாத மாதத்தில் கையெழுத்து வாங்குங்கள். வெள்ளத்தின் நடுவில் ஒப்பந்தம் படிக்க யாருக்கும் நேரமிருக்காது.

கேள்வி: முகாமில் இருந்தபோது என் பெயர், கைப்பேசி எண், என் மகளின் வயது, நாங்கள் தங்கியிருந்த அறை எண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். பிறகு அதே பட்டியல் ஒரு வாட்ஸ்ஆப் குழுவில் சுற்றியதை உறவினர் ஒருவர் காட்டினார். தெரியாதவர்கள் அழைக்கத் தொடங்கினார்கள். உதவிக்காகக் கொடுத்த விவரம் இப்படி ஆகலாமா?
— முகாமில் இருந்த ஒரு தாய்

பதில்: ஆகக் கூடாது, அம்மா. பட்டியலை அனுப்பியவர் கெட்ட எண்ணத்தோடு அனுப்பியிருக்க மாட்டார். அவசரத்தில் 'எல்லோருக்கும் பயன்படட்டும்' என்று நினைத்திருப்பார். ஆனால் உங்களுக்கு நேர்ந்த தீங்கு அதனால் குறைந்துவிடாது.

இந்தக் கடிதத்தைப் படிக்கும் நிவாரணப் பணியாளர்களுக்குச் சொல்ல வேண்டியது இது. ஒருங்கிணைப்புக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் பெயர் அல்ல, எண்ணிக்கை. இந்த முகாமில் பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தைகள் இத்தனை பேர் என்பது போதும்; யாருடைய மகள், எந்த அறை என்பது தேவையில்லை. இரட்டை உதவியைத் தவிர்க்கப் பெயர்ப் பட்டியல் வேண்டும் என்றால், அது இரண்டு அமைப்புகளுக்கிடையே, எழுத்துப்பூர்வமான உடன்பாட்டோடு, கடவுச்சொல் உள்ள கோப்பாக மட்டுமே கை மாற வேண்டும். சிறிய முகாமாக இருந்தால் எண்ணிக்கையிலும் எச்சரிக்கை வேண்டும். 'தனியாக வாழும் கர்ப்பிணிப் பெண்: 1' என்று எழுதினால் பெயர் எழுதியதற்குச் சமம்.

இது வீண் அச்சமன்று. 2022 ஜனவரியில் பன்னாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தின் தரவு இருந்த கணினிகளுக்குள் ஊடுருவல் நடந்தது. பிரிந்த குடும்பத்தினர், காணாமற்போனவர்கள் உட்பட 5,15,000க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் அம்பலமாகும் நிலை ஏற்பட்டது. அத்தனை கவனமுள்ள அமைப்புக்கே அப்படியென்றால், வாட்ஸ்ஆப் குழுவில் விட்ட எக்செல் கோப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

உங்கள் விவரத்தைத் திரட்டிய அமைப்பிடம் அதை அழிக்கும்படியும் யார் யாருக்கு அனுப்பினார்கள் என்று சொல்லும்படியும் எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் முகாம் நிர்வாகத்துக்கும் ஒரு படி அனுப்புங்கள்.

கேள்வி: செயற்கைக்கோள் படமும் கைப்பேசித் தரவும் செயற்கை நுண்ணறிவும் இருக்கும்போது வீடு வீடாகப் போய்க் கேட்பது எதற்கு?
— கல்லூரி மாணவர்

பதில்: 2010 ஜனவரி 12 அன்று ஹைட்டியில் நிலநடுக்கம் நேர்ந்தபோது, உலகின் பல மூலைகளிலிருந்து தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத் தலைநகரின் தெருக்களை, யாரும் சேர்த்துத் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் வரைந்தார்கள், உதவி கேட்டு 4636 என்ற எண்ணுக்கு வந்த குறுஞ்செய்திகளை ஹைட்டி மொழி அறிந்தவர்கள் மொழிபெயர்த்துக் கொடுத்தார்கள். 2015 ஏப்ரலில் நேபாள நிலநடுக்கத்துக்குப் பின், அடையாளம் நீக்கப்பட்ட கைப்பேசித் தரவிலிருந்து மக்கள் எந்தத் திசையில் இடம்பெயர்ந்தார்கள் என்று கணித்தார்கள். எல்லாம் பெரும் உதவிதான். ஆனால் வானிலிருந்து பார்த்தால் கூரை இடிந்தது தெரியும், தரையோடு உட்கார்ந்த சுவர் பல நேரம் தெரியாது. கைப்பேசி இல்லாத பாட்டி கைப்பேசித் தரவில் இல்லை. எங்கே போய்க் கேட்பது என்று முடிவுசெய்ய இவற்றைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: எல்லாக் கேள்விகளையும் கேட்டு முடித்து எழும்போது, "எப்போது கிடைக்கும்?" என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. மேலிடத்தில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வருகிறேன். மனம் கேட்கவில்லை.
— தன்னார்வலர்

பதில்: கணக்கெடுப்புக்கு வந்தவரை உதவி கொண்டுவந்தவராகவே மக்கள் பார்ப்பார்கள், அதைத் தடுக்க முடியாது. ஆகவே உட்காரும்போதே சொல்லிவிடுங்கள்: நாங்கள் இன்று எதுவும் கொண்டுவரவில்லை, உங்கள் பெயர் பட்டியலில் வரும் என்று உறுதி தர எங்களால் முடியாது, பதில் சொல்ல விருப்பமில்லையென்றால் சொல்ல வேண்டாம், அதனால் உங்களுக்கு எதுவும் குறையாது. இதைச் சொன்ன பிறகும் பெரும்பாலானோர் பேசுவார்கள்.

எழும்போது சொல்ல உங்களிடம் ஒரு தேதி இருக்க வேண்டும். உதவி வரும் தேதி அல்ல. முடிவு தெரியும் தேதி. எங்கள் குழுவில், ஊர்ப் பொது இடத்தில் ஒட்ட ஒரு தாள் வைத்திருப்போம். இந்த ஊரில் யார் கேட்டார்கள், எந்த அமைப்புகளோடு விவரம் பகிரப்படும், என்ன முடிவாயிற்று என்பதை இந்தத் தேதியில் இதே இடத்தில் ஒட்டுவோம், குறை சொல்ல இந்த எண் என்று நான்கு வரிகள். தேதி மட்டும் கையால் எழுத விட்டிருப்போம். ஒருமுறை ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் அந்தத் தேதியைச் சொல்ல யாரும் முன்வரவில்லை. படிவம் தயார், கைப்பேசிகளில் மின்னேற்றி முடிந்தது, வண்டியும் வாசலில் நின்றது. நாங்கள் கிளம்பவில்லை. இரண்டு நாள் திட்டு வாங்கினோம். மூன்றாம் நாள் மாலை கூட்டத்திலிருந்து ஒரு தேதி வந்தது. தாளில் எழுதிக்கொண்டு மறுநாள் விடியற்காலையில் கிளம்பினோம்.